பச்சை முத்திரை மாட்டியிருந்த ஆணி

மார்ச் 2

பேத்திக்கு, பாட்டி எழுதுவது.

பெரியவன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுவதற்கான உரிமம் வாங்கிவிட்டான். பதினெட்டுப் பேர் எழுதியதில் ஆறு பேர்தான் தேறினார்களாம், அதில் இவன் இரண்டாவது. அவன் தங்கைக்குக் குழந்தைகள் வார்டில் வேலை நிரந்தரமாகிவிட்டது. அவள் ஊசி போட்டால் பிள்ளை அழுவதில்லை என்று தாய்மார்கள் அவளைத்தான் தேடி வருகிறார்களாம். நடுவுள்ளவன் போன வருடம் கோட்டைவிட்ட கணக்குப் பரீட்சையில் இந்த வருடம் எழுபத்தெட்டு. கடைக்குட்டிக்குக் கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசு. அது யாரிடமிருந்து வந்த கை என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்தாவது நீ. உனக்காகத்தான் இந்தக் கடிதம். உன்னைப் பற்றிப் பெருமையாக எழுத இந்தத் தடவை என்னிடம் ஒன்றும் இல்லை.

கூடத்துச் சுவரில் ஐந்து ஆணி அடித்திருக்கிறேன், உனக்குத் தெரியும். நாலில் நாலு பேர் படம். ஐந்தாவதில், நீ போக்குவரத்து அலுவலகத்துக்குச் செய்துகொடுத்த இணையதளத்தின் முதல் பக்கம். கடையில் கலரில் அச்சடித்து, சட்டம் போட்டு மாட்டியிருந்தேன். அதன் அடியில் பச்சை வட்டமாக ஒரு முத்திரை. ‘பார்வையற்றோர் உட்பட அனைவரும் பயன்படுத்தலாம். தரவிதிகள் அனைத்துக்கும் உட்பட்டது. பார்வையற்ற பயனரால் சோதிக்கப்பட்டது.’ வந்தவர் போனவருக்கெல்லாம் அதை வாசித்துக் காட்டியிருக்கிறேன். குழாய் சரிசெய்ய வந்த ஆள்கூட ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டார்.

நேற்று அதைக் கழற்றிவிட்டேன். சட்டம் என்னிடம் இருக்கட்டும். காகிதத்தை நாலாக மடித்து இதோடு வைத்திருக்கிறேன். உன் பொருள் உன்னிடமே இருக்கட்டும்.

என்ன ஆயிற்று என்று கேட்பாய். உன் சின்னப் பாட்டிக்கு இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு பயண அட்டை முடிகிறது. அந்த அட்டை இருந்தால்தான் காலையில் வாசலுக்கு வண்டி வரும். வண்டி வந்தால்தான் அவள் மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் போக முடியும். கண் போய் ஒன்பது வருடத்தில் அவள் ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை. கண் உள்ளவர்கள் ஒரு விரிப்பு மடிக்கிற நேரத்தில் அவள் இரண்டு மடிப்பாள். ஆனால் அங்கே இருக்கிற மேற்பார்வைக்காரி சொல்லிவிட்டாள், ஒன்றாம் தேதி மேசையில் ஆள் இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம்.

அட்டையைப் புதுப்பிக்க அவள் மூன்று நாள் காலையில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் இருப்பதைத்தான் அந்தப் போன் வாய்விட்டு வாசிக்குமே. உன் இணையதளத்துக்குப் போனால் அது சொன்னது இதுதான்: பட்டன். பட்டன். படம். பட்டன். கொஞ்ச நேரம் கழித்து எல்லாம் அழிந்து மறுபடி முதலிலிருந்து பட்டன். “நான் செஞ்சு குடுக்கிறேன், குடுடி” என்றேன். “நீ செஞ்சா இந்த வருஷம் கிடைக்கும். அடுத்த வருஷத்துக்கும் நீ இருப்பேன்னு எழுதிக் குடு” என்றாள்.

சரி, பழையபடி போக்குவரத்து அலுவலகக் கவுண்டருக்கே போவோம் என்று இரண்டு பேருந்து மாறிப் போனோம். கவுண்டரில் ஷட்டர். ஷட்டரில் ஒரு காகிதம். “என்ன எழுதியிருக்கு அக்கா?” என்று கேட்டாள். நான் வாசிக்க வேண்டியதாயிற்று. ‘எங்கள் இணையதளம் பார்வையற்றோர் உட்பட அனைவரும் பயன்படுத்தத்தக்கது என உறுதி செய்யப்பட்டுள்ளதால் இந்தக் கவுண்டர் நிரந்தரமாக மூடப்படுகிறது.’

அவள் ஒரு கையை ஷட்டர் மேல் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு, “உன் பேத்தி செஞ்சதுதானே?” என்றாள். இவ்வளவு நாள் ‘நம்ம பேத்தி’ என்றுதான் சொல்லுவாள்.

போனில் கூப்பிடாதே. உன் குரலைக் கேட்டால் நான் உருகிவிடுவேன், அதை நீ நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாய். எழுது. அந்தப் பச்சை முத்திரையைப் போட உனக்கு எப்படி மனம் வந்தது என்று எழுத்தில் எழுது.

பாட்டி


மார்ச் 7

பாட்டிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாலாக மடித்த பக்கமும் வந்தது. அதை மேசையில் விரித்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

எழுத்தில் கேட்டீர்கள், எழுத்திலேயே சொல்கிறேன். இணையதளம் ஒன்றைச் செய்து முடித்ததும் அதை ஒரு கணினி நிரலிடம் கொடுப்போம். அது பக்கம் பக்கமாகப் பார்த்து மதிப்பெண் போடும். நான் செய்ததற்கு நூற்றுக்கு நூறு போட்டது. மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, “முத்திரையைப் போட்டுடு” என்றார். நான் போட்டேன். ‘பார்வையற்ற பயனரால் சோதிக்கப்பட்டது’ என்ற வரிக்கு மட்டும் நிரல் போதாது. நிஜமாகவே ஒருவர் சோதிக்க வேண்டும். ஒருவர் சோதித்தார். அவர் யார் என்று உங்களுக்கு நினைவில்லை போலிருக்கிறது.

போன ஜூலையில் சின்னப் பாட்டியின் போனுக்கு நான் ஒரு சோதனை அனுப்பினேன். அதனுடன் தபாலில் ஐந்து கேள்வி உள்ள ஒரு தாளும் அனுப்பினேன். அதை நிரப்பித் திருப்பி அனுப்பியவர் நீங்கள். அதன் நகலை இதோடு வைத்திருக்கிறேன், ஆனாலும் இங்கேயும் எழுதுகிறேன்.

எங்காவது தடங்கல் இருந்ததா? ‘இல்லை.’
யாருடைய உதவியும் இல்லாமல் முடிக்க முடிந்ததா? ‘முடிந்தது.’
வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? ‘வெண்ணெயில் கத்தி போனது போலப் போயிற்று. என் பேத்தி கை வைத்ததில் குறை இருக்குமா?’

அழகான கையெழுத்து. கடைக்குட்டிக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கும் தெரியும்.

அந்த முத்திரை பொய் என்றால், பாட்டி, அந்தப் பொய்யில் இரண்டு பேர் கை இருக்கிறது. என் படத்தை மாட்ட வேண்டிய இடத்தில் என் வேலையை மாட்டினீர்கள். இப்போது வேலை சரியில்லை என்றதும் ஆணியைக் காலி செய்துவிட்டீர்கள். மற்ற நாலு பேரும் தப்பு செய்தால் அவர்கள் படத்தையும் கழற்றுவீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்கவில்லை.

சின்னப் பாட்டியின் அட்டைக்கு நான் இங்கிருந்தே விண்ணப்பம் போட்டுவிடுகிறேன். அவர்களுடைய புதுப் புகைப்படம் ஒன்று மட்டும் வேண்டும்.

பேத்தி


மார்ச் 11

பேத்திக்கு,

நீ கெட்டிக்காரி. என் கையெழுத்தை எனக்கே காட்டிவிட்டாய்.

உன் கடிதம் வந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். உன் சின்னப் பாட்டிதான் உறையைத் தடவிப் பார்த்து, “தடிமனா இருக்கு, நிறைய மன்னிப்புக் கேட்டிருப்பா, வாசி” என்றாள். அவளிடம் எதையும் விட்டு வாசித்துப் பழக்கமில்லை எனக்கு. முழுதும் வாசித்தேன். அந்தத் தாளையும் வாசித்தேன்.

அவள் சொன்னாள்: “நீதானே அக்கா என் விரலைப் புடிச்சு புடிச்சு அமுக்கினே. நான் தேடுறதுக்குள்ள ‘இங்கடி, இங்கடி’ன்னு இழுத்துட்டுப் போனே. நாலு எடத்துல நீயே தட்டிட்டே. அதையா நான் செஞ்சேன்னு எழுதினே?”

அப்படித்தான் செய்தேன். மறைக்க மாட்டேன். நீ செய்ததில் அவள் தடுமாறுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவள் தடுமாறினால் உனக்குக் கெட்ட பெயர் என்று நினைத்தேன். ஒரு சின்ன ஒத்தாசை, அதில் என்ன என்று நினைத்தேன். ஷட்டரைப் பார்த்த அன்றுகூட அது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அதுதான் எனக்கே அசிங்கமாக இருக்கிறது.

இரண்டு நாளாக அவள் என்னோடு பேசவில்லை. போனோடுதான் பேசுகிறாள். அது ‘பட்டன்’ என்கிறது.

என் தலையில் விழுந்த குட்டு போதும். இப்போது உனக்கு ஒன்று. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பேத்திப் பாசத்தில் எழுதிக்கொடுத்த ஒரே ஒரு தாளை வைத்துக்கொண்டு ஊருக்கே ஒரு கவுண்டரை மூடலாம் என்று உன் படிப்பு சொல்லிக்கொடுத்ததா? நான் கிழவி, பொய் சொன்னேன். ‘என் பேத்தி கை வைத்ததில் குறை இருக்குமா’ என்று எழுதுகிறவளிடம் குறை கேட்டால் என்ன வரும் என்று உனக்குத் தெரியாதா? காக்கையிடம் போய் அதன் குஞ்சு என்ன நிறம் என்று யாராவது கேட்பார்களா?

நீ அங்கிருந்து விண்ணப்பம் போடுவதாக எழுதியிருந்தாய். அதை அவளிடம் சொன்னேன். எனக்குப் பதிலாகச் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: “என்னை மாதிரி இன்னும் எத்தனை பேர் அந்த ஷட்டரைத் தட்டிட்டு வந்திருப்பாங்க. அவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பேத்தி இருக்காளா?”

இருபது நாள் இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று எழுது. யாருக்கு எழுதித் திட்ட வேண்டும் என்று விலாசம் கொடு, பேனாவில் மை இருக்கிறது.

பாட்டி


மார்ச் 14

பாட்டிக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். தெரிந்துதான் முத்திரையைப் போட்டேன்.

அந்தச் சோதனை எவ்வளவு நேரத்தில் முடிந்தது என்று எங்களுக்குப் பதிவாகும். சின்னப் பாட்டி நான்கு நிமிடத்தில் முடித்ததாக வந்தது. கண் தெரிகிற எனக்கே ஆறு நிமிடம் ஆகும். பார்த்த உடனே புரிந்துவிட்டது, பக்கத்தில் நீங்கள் இருந்திருக்கிறீர்கள் என்று. ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்டால் முத்திரை தள்ளிப்போகும். முத்திரை தள்ளிப்போனால் மேலாளர் முகம் மாறும். கேட்கவில்லை. போன கடிதத்தில் உங்கள் மேல் எரிந்து விழுந்தது, இதை எழுதாமல் தப்பிக்கத்தான்.

விலாசம் கேட்டீர்கள். தருகிறேன், ஆனால் திட்டி எழுதாதீர்கள். திட்டிவரும் கடிதங்களுக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு தனி அட்டைப்பெட்டி இருக்கிறது. ‘உங்கள் வருத்தத்தைப் பதிவு செய்துகொண்டோம்’ என்று ஒரு பதில் போகும், கடிதம் பெட்டிக்குள் போகும். ‘உங்கள் முத்திரை பொய்’ என்று எழுதினால் ‘பொய் இல்லை, நூற்றுக்கு நூறு’ என்று பதில் எழுதலாம். ஆனால் ‘மூன்றாவது எழுதும் பெட்டியில் போன் இதைச் சொன்னது, அதனால் நான் இப்படிச் செய்தேன், அதன்பின் இது நடந்தது’ என்று எழுதினால் யாரும் வாயைத் திறக்க முடியாது. சரிசெய்துதான் ஆக வேண்டும். எங்கே சரிசெய்வது என்றும் அதிலேயே இருக்கும்.

அந்தத் தரவிதி பெரிய வேதாந்தம் இல்லை, பாட்டி. படம் இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று வார்த்தையில் சொல்லியிருக்க வேண்டும். எழுதும் பெட்டிக்கு அது எதற்கான பெட்டி என்று பெயர் இருக்க வேண்டும். தப்பாக எழுதினால் நிறத்தில் மட்டும் காட்டாமல் வாயால் சொல்ல வேண்டும். மெதுவாகச் செய்கிறவர்களுக்கு நேரம் கொடுக்க வேண்டும். பெயர் இருக்கிறதா என்று நிரலுக்குப் பார்க்கத் தெரியும். அந்தப் பெயருக்கு அர்த்தம் இருக்கிறதா என்று பார்க்கத் தெரியாது. ‘பட்டன்’ என்பதும் ஒரு பெயர்தானே என்று நூறு போட்டுவிட்டது.

மறுபடியும் ஒரு தாள் அனுப்புகிறேன். இந்தத் தடவை கேள்வி எதுவும் இல்லை, வெறும் கோடுதான். சின்னப் பாட்டி செய்யட்டும். போன் சொல்வதை நீங்கள் அப்படியே எழுதுங்கள். ஒரு வார்த்தை அழகுபடுத்தக் கூடாது. விரலைத் தொடக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது. எவ்வளவு நேரம் ஆனாலும் சரி.

உங்களால் முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். முயற்சி செய்யுங்கள்.

பேத்தி


மார்ச் 18

பேத்திக்கு,

முடியுமா என்று சந்தேகப்பட்டாயாமே. உன் அம்மாவைப் பெற்றது நான்.

இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று உன் மேலாளருக்கு. அதில் ஒரு திட்டு இல்லை. இன்னொன்று உனக்கு. திட்டெல்லாம் இதில் இருக்கிறது. இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடாதே.

அவள் என்னோடு பேசிவிட்டாள். உன் நிபந்தனைகளை வாசித்ததும், “அக்காவா, வாயை மூடிட்டா? உலகம் அழியப் போவுது” என்றாள். அதுதான் முதல் பேச்சு. பிறகு என்னை எதிர் நாற்காலியில் உட்கார வைத்து, என் இடது கையை நாற்காலிக் கையோடு துண்டால் கட்டிவிட்டாள். சலவைக்கூடத்து முடிச்சு, எனக்கு அவிழ்க்க வராது. “வலது கை எழுதட்டும். இது சும்மா இருக்காது, எனக்குத் தெரியும்” என்றாள்.

முதல் பக்கத்தில் போன் சொன்னது: படம். படம். படம் நாற்பத்தேழு. முதல் படம் ஒரு பெண் பல்லைக் காட்டிக்கொண்டு போனைப் பார்க்கிறாள். இரண்டாவது ஒரு வண்டி. நாற்பத்தேழு என்ன என்று நான் எட்டிப் பார்த்தேன். உன் பச்சை முத்திரை. அவளுக்காகப் போட்ட முத்திரை, அவளிடம் அதன் பெயர் படம் நாற்பத்தேழு. அது அங்கே இருப்பதே நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். இதை நீ அச்சடித்து உன் மேசையில் ஒட்டி வை.

அடுத்தது ‘எழுதும் பெட்டி’. என்ன எழுதுவதென்று சொல்லவில்லை. தன் பெயரை எழுதினாள். அது பிறந்த தேதிக்கான பெட்டி. பெட்டி சிவப்பாயிற்று. போன் வாயே திறக்கவில்லை. அவள் நல்லபடியாகப் போகிறதென்று அடுத்த பெட்டிக்குப் போனாள். கட்டின கை தானாக இழுத்தது, நாற்காலியே நகர்ந்தது. “உக்காரு” என்றாள்.

ஒரு இடத்தில் தாங்க முடியாமல் “கீழே” என்று சொல்லிவிட்டேன். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, “எழுது. நான் பேசினேன்னு எழுது” என்றாள். எழுதியிருக்கிறேன். மேலாளர் தாளில் ஒன்பதாவது வரி: ‘இந்த இடத்தில் அக்கா உதவினாள். இது சேராது.’ மறுபடி முதலிலிருந்து செய்தாள்.

கடைசியில் புகைப்படம். திரையில் ஒரு வட்டம் வருகிறது, முகம் அதற்குள் சரியாக இருந்தால் வட்டம் பச்சையாகும். போன் சொன்னது ‘படம்’. அவ்வளவுதான். அவள் போனை மேலே தூக்கினாள், கீழே இறக்கினாள், கன்னத்தை எடுத்தாள், கூரையை எடுத்தாள், ஒரு தடவை என்னை எடுத்தாள். பதினோரு தடவை. பன்னிரண்டாவது தடவை போன், ‘நேரம் முடிந்தது’ என்று சொல்லிவிட்டு முதல் பக்கத்துக்குப் போய்விட்டது. அன்றைக்கு அது தெளிவாகச் சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

ஒரு மணி பத்து நிமிடம். அந்த ஒரு மணி பத்து நிமிடமும் என் தங்கை முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். ஜூலையில் நான் பார்க்க மறுத்தது இதைத்தான். நீ நான்கு நிமிடம் என்று பார்த்தாயே, அந்த நான்கு நிமிடத்துக்குள் நான் மூடிவைத்தது இதைத்தான்.

மூதேவி, படித்த முட்டாள், நூற்றுக்கு நூறு வாங்கின தடிமாடு. மீதித் திட்டை நேரில் வா, தருகிறேன். மேலாளர் தாளில் அவளே கையெழுத்துப் போட்டிருக்கிறாள். கோட்டுக்கு மேலே ஏறிப் போயிருக்கும். அவளே போட்டது. நான் அவள் கையைப் பிடிக்கவில்லை.

பாட்டி


மார்ச் 25

பாட்டிக்கு,

தாளை மேலாளரிடம் கொடுத்தேன். நல்ல தாளைத்தான் கொடுத்தேன்.

முதல் இரண்டு வரியை வாசித்துவிட்டு, “ஒரு பாட்டி எழுதினதை வெச்சு முத்திரையை எடுக்கணுமா? நிரல் நூறு குடுத்திருக்கே” என்றார். நான் வாதம் செய்யவில்லை. என் போனில் திரையை அணைத்துவிட்டு, குரலை மட்டும் வைத்து அவர் கையில் கொடுத்தேன். “நீங்க செய்யுங்க சார், நான் தாளை வாசிக்கிறேன்” என்றேன். முதல் எழுதும் பெட்டியில் அவரும் தன் பெயரை எழுதினார். நான் மூன்றாவது வரியை வாசித்தேன்: ‘பெயரை எழுதினாள். பெட்டி சிவப்பாயிற்று. போன் ஒன்றும் சொல்லவில்லை.’ போனைத் தூக்கி மேசையில் போட்டார். ஒன்பதாவது வரிக்கு வந்ததும் தாளைக் கேட்டு வாங்கி அவரே வாசித்தார். “உதவி செஞ்சதைக்கூட எழுதியிருக்காங்க” என்றார். அந்த வரி இல்லாவிட்டால் அவர் மற்ற வரிகளை நம்பியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனாலும் முத்திரையை எடுக்கச் சம்மதிக்கவில்லை. “சத்தம் போடாம சரிபண்ணிடு. முத்திரை இருக்கட்டும், யார் பாக்கப் போறாங்க” என்றார். சரிசெய்து முடிக்க ஜூன் ஆகும். அதுவரை முத்திரை இருந்தால் கவுண்டர் திறக்காது. அதைச் சொன்னேன். “அது அவங்க பாடு” என்றார்.

அதனால் தாளின் நகலோடு போக்குவரத்து அலுவலகத்துக்கு நானே எழுதினேன், என் பெயரில். முத்திரையைப் போட்டது நான், ஒரே ஒரு சோதனையை வைத்துப் போட்டேன், அந்தச் சோதனை செல்லாது என்று எனக்குச் சந்தேகம் இருந்தும் போட்டேன் என்று எழுதினேன். யாரையும் குறை சொல்லவில்லை. முத்திரை இருந்த இடத்தில் என்ன எழுதலாம் என்று நானே எழுதிக்கொடுத்தேன். அதை அப்படியே போட்டுவிட்டார்கள். சின்னப் பாட்டியின் போன் இப்போது இதை வாசிக்கும்:

‘இந்த இணையதளம் பார்வையற்றோருக்கு இன்னும் சரியாக வேலை செய்யவில்லை. படங்கள், எழுதும் பெட்டிகள், புகைப்படம் ஆகிய மூன்று இடங்களில் குறை உள்ளது. ஜூன் முப்பதுக்குள் சரிசெய்வோம். அதுவரை செவ்வாயும் வெள்ளியும் கவுண்டர் திறந்திருக்கும். வேறு குறை கண்டால் இந்த எண்ணில் சொல்லுங்கள்.’

இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை. போய்விடுங்கள்.

மேலாளரைக் கேட்காமல் எழுதியதற்கு என்னைக் குழுத் தலைவி ஆக்குவதாக இருந்ததை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வேலை போகவில்லை. குறைகளைச் சரிசெய்வதும் என் தலையில்தான். பெரியவனைப் போல, நடுவுள்ளவனைப் போல உங்களுக்குச் சொல்லிக்கொள்ள இந்த வருடம் என்னிடம் ஒன்றும் இல்லை, பாட்டி. ஆணி காலியாகவே இருக்கட்டும்.

பேத்தி


ஏப்ரல் 3

பேத்திக்கு,

வெள்ளிக்கிழமை போனோம். ஷட்டர் பாதிதான் ஏற்றியிருந்தார்கள், முழுதும் ஏற்றினால் கௌரவம் போய்விடும் போலிருக்கிறது. எங்களுக்கு முன்னால் பதினாறு பேர் நின்றார்கள். ஏழு பேர் கையில் வெள்ளைக் கோல். இத்தனை நாள் இவர்களெல்லாம் எங்கே இருந்தார்கள்? வீட்டில் உட்கார்ந்து ‘பட்டன், பட்டன்’ கேட்டுக்கொண்டிருந்திருப்பார்கள். எனக்கு மறுபடி ரத்தம் கொதித்தது.

எங்கள் முறை வந்ததும் கவுண்டர்க்காரன் என்னைப் பார்த்து, “இவங்க பேர் என்னம்மா?” என்றான். உன் சின்னப் பாட்டி, “வாய் என்கிட்டதான் இருக்கு, என்னையே கேளு” என்றாள். புகைப்படம் எடுக்கிறபோது “கேமராவைப் பாருங்க” என்றான். “அது எங்க இருக்குன்னு சொல்லு, பாக்குறேன்” என்றாள். வரிசையே சிரித்தது. அவனும் எழுந்து வந்து, “கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கொஞ்சம்” என்று சொல்லி எடுத்தான். அதைத்தானே அந்தப் போன் சொல்லியிருக்க வேண்டும். அதை உன் வேலைக்குக் குறித்துக்கொள்.

ஒன்றாம் தேதி வண்டி வந்தது. மடிப்பு மேசையில் அவள் இடத்தில் வேறு ஒருத்தி நின்றுகொண்டிருந்தாளாம். “இது என் மேசை” என்று சொல்லிவிட்டு விரிப்பை எடுத்தாளாம். சாயங்காலம் வந்து, “நம்ம பேத்தி ஜூன்னு எழுதியிருக்கா. முப்பதாம் தேதி காலைல நானே உக்காந்து பாப்பேன். உன் கையைக் கட்டிட்டுத்தான்” என்றாள். ‘நம்ம பேத்தி’ என்றாள். கேட்டாயா?

உன் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அந்த நான்கு நிமிடத்தை நான் மறக்க மாட்டேன், என்னுடையதையும் சேர்த்து. ஆனால் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாயே, அது யார் முடிவு செய்வது? நேற்று குழாய்க்காரர் மறுபடி வந்தார். சுவரைப் பார்த்துவிட்டு, “அஞ்சாவது எங்க, அந்தப் பச்சை வட்டம்?” என்று கேட்டார். “அது பொய். போட்டவளே கழற்றிட்டா. தான் செஞ்சதுல என்ன குறைன்னு ஊருக்கே தெரியற மாதிரி தானே எழுதி ஒட்டியிருக்கா. குழுத் தலைவி வேலை போச்சு” என்றேன். அவர், “அடேயப்பா” என்றார். பெரியவன் உரிமம் வாங்கியதைச் சொன்னபோது அவர் ‘அடேயப்பா’ சொல்லவில்லை.

ஆணி இருக்கிறது. சட்டமும் துடைத்து வைத்திருக்கிறேன். அங்கே மாட்ட எந்தப் பக்கத்தையும் அச்சடித்து அனுப்பாதே. உன் படம்தான் வேண்டும். பள்ளிக்கூடப் படம் வேண்டாம். இப்போது எடுத்தது, முகம் வாடியிருந்தாலும் பரவாயில்லை, தபாலில் அனுப்பு. படத்தின் பின்பக்கம் அதில் என்ன இருக்கிறது என்று உன் கையால் எழுதி வை. என்ன உடுத்தியிருக்கிறாய், எங்கே நிற்கிறாய், சிரிக்கிறாயா இல்லையா, எல்லாம். உன் சின்னப் பாட்டிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். நானாக எதுவும் சேர்த்துச் சொல்ல மாட்டேன்.

பாட்டி